சோறு அவங்களது... பாட்டில் நம்மளது!

லாஸ் வேகஸ் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஆடப் போகிறவர்கள், சாப்பிடப் போகிறவர்கள். முதல் ரகத்துக்குத் திரும்பி வரும்போது பர்ஸ் இளைத்திருக்கும். இரண்டாம் ரகத்துக்கு பேன்ட் டைட்டாகியிருக்கும்.

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், மூன்றாவது ரகம். கேஸினோவுக்குள் கக்கத்தில் ஒரு ஒயின் பாட்டிலோடு நுழைவார். வயிறு முட்டச் சாப்பிடுவார். கொண்டுபோன பாட்டிலைக் காலி பண்ணுவார். ஒரு காசுகூட ஆடாமல் வெளியே வந்து, "கேஸினோக்காரன்கிட்ட லாபம் பார்த்த ஒரே தமிழன் நான்தான் மாப்ளே!" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வார்.

லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவர். ஹோட்டல் பில் வந்தால் கூட்டிப் பார்க்காமல் பணம் வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் லாபம் என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று 2018-ல் ஒரு தடவை, 2023-ல் ஒரு தடவை கூடவே போய்ப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் அத்தான் ஜெயித்தார். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எதிராளியின் கணக்கைப் பார்த்துவிடலாம். அது நம்ம அத்தான் கணக்கைவிட சுவாரஸ்யம்.

நெவாடா மாநிலம் சூதாட்டத்துக்குச் சட்டப்படி கதவைத் திறந்துவிட்டது 1931-ல். பத்து வருஷம் கழித்து, 1941-ல், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக 'எல் ராஞ்சோ வேகஸ்' என்று ஒரு ஹோட்டல் முளைத்தது. இன்றைக்கு 'ஸ்ட்ரிப்' என்று உலகமே வாயைப் பிளக்கிற சாலையில் அதுதான் முதல் கேஸினோ ஹோட்டல். அங்கே விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெர்ப் மெக்டொனால்ட். ஒரு ராத்திரி அவருக்குப் பசி. சமையல்கட்டிலிருந்து கொஞ்சம் ரொட்டி, சீஸ், இறைச்சித் துண்டு எல்லாம் எடுத்து வந்து பார் மேஜையில் பரப்பி சாண்ட்விச் பண்ணியிருக்கிறார். அந்தப் பக்கமாகப் போன சூதாடிகள், "எங்களுக்கும் பசிக்குதே!" என்றார்களாம். மனுஷனுக்குப் பொறி தட்டிவிட்டது. இப்படித்தான் 1940-களில் வேகஸ் பஃபே பிறந்தது என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். விலை ஒரு டாலர். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ராத்திரி பகல் எந்நேரமும்.

ஒரு டாலருக்கு வயிறு நிறையச் சோறு போட்டால் முதலாளிக்கு நஷ்டம்தானே? நஷ்டமேதான். ஆனால் அந்த நஷ்டம் சமையல்கட்டுக் கணக்கில் மட்டும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, சூதாடிக்குப் பசி வந்தால் அவனே பறந்துவிடுவான். வீட்டுக்குப் போய்விடுவான், ரூமுக்குப் போய்விடுவான், எதிர்க் கடைக்குப் போய்விடுவான். போனவன் திரும்பி வருவான் என்பது என்ன நிச்சயம்? அவனைக் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துச் சோறு போட்டு, கையலம்பின ஈரம் காய்வதற்குள் மறுபடி மேஜையில் உட்கார வைத்துவிட்டால் அந்த ஒரு டாலர் சோறு பல டாலராகத் திரும்பி வந்துவிடும்.

எல் ராஞ்சோ 1960-ல் தீயில் போயிற்று. ஐடியா தப்பித்துவிட்டது. டவுன்டவுனில் 'கோல்டன் கேட்' என்ற பழைய கேஸினோ 1959-ல் ஐம்பது சென்ட்டுக்கு இறால் காக்டெயில் போட ஆரம்பித்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய இறால், மேலே சாஸ். 1991 வரை விலையை ஏற்றவே இல்லை! அதன் பிறகும் 99 சென்ட்தான். முப்பத்திரண்டு வருஷம் விலை ஏறாத இறால் எந்தக் கடலிலும் கிடையாது. அந்த இறாலை சூதாட்ட மேஜையில்தான் பிடித்தார்கள்.

அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்பதை ரூலெட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை, அதோடு ஒரு சைபர், ஒரு டபுள் சைபர். நீங்கள் வம்புக்கென்றே 38 குழியிலும் ஆளுக்கொரு டாலராக வைத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஏதோ ஒன்றில் கோலி விழுந்தே தீரும். ஜெயித்ததற்கு 35 டாலர், வைத்த ஒரு டாலர், ஆக மொத்தம் 36 கைக்கு வரும். போட்டது 38. இரண்டு டாலர் காலி. நூற்றுக்கு ஐந்தே கால் ரூபாய் மாதிரி. இதில் திருட்டு இல்லை, புரட்டு இல்லை, சக்கரத்துக்கு அடியில் காந்தம் எதுவும் இல்லை. எல்லாம் பளிச்சென்று வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதுதான் எனக்கு ஆச்சரியம். தோற்கப் போகிறாய் என்று எழுதிப் போட்ட கடைக்கு இவ்வளவு கூட்டம்!

ஸ்லாட் மெஷின் இன்னும் விசேஷம். போட்ட பணத்தில் நீண்ட கால சராசரியாக 75 சதவிகிதமாவது திருப்பித் தர வேண்டும் என்பது நெவாடா விதி. நடப்பில் அதைவிட நிறையவே தருகின்றன. ஆனால் மெஷினுக்கு வேகம் ஜாஸ்தி. அத்தான் ஒரு பேப்பர் நாப்கினில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு தடவை பட்டனை அமுக்க 50 சென்ட். மணிக்கு 500 தடவை அமுக்கலாம் (சும்மா இல்லை, விரல் அவ்வளவு ஓடும்). ஆக, மணிக்கு 250 டாலர் மெஷினுக்குள் போய் வருகிறது. பத்து சதவிகிதம் மெஷின் வைத்துக்கொள்கிறது என்றால் 25 டாலர். இதற்கிடையில் ஆடுகிறவர்களுக்கு அந்தத் தளத்தில் டிரிங்க்ஸ் இலவசம். தட்டேந்திய அம்மணி அரை மணிக்கு ஒரு தரம் வந்து சிரித்துக்கொண்டே தருவார். டிப்ஸ் ஒரு டாலர்.

"இலவசமா மாப்ளே? மணிக்கு ரெண்டு க்ளாஸ். இருபத்தஞ்சை ரெண்டால வகுத்துப் பாரு. பன்னெண்டரை டாலர். டிப்ஸோட பதிமூணரை. இந்த ஊர்லயே ஆகக் கூடுதல் விலைச் சரக்கு எதுன்னு கேட்டா, ஓசிச் சரக்குதான்!"

ஆக, அத்தானின் பாட்டில் சித்தாந்தம் இங்கேதான் பிறக்கிறது. கேஸினோவில் சோறு மலிவு. (அப்போது மலிவாக இருந்தது. இப்போதைய கதைக்குப் பிறகு வருகிறேன்.) குடிக்கிற சமாச்சாரத்துக்கு இரண்டே வழி. ஒன்று, ஆடிக்கொண்டே ஓசியில் குடிப்பது. அதன் லட்சணத்தை மேலே பார்த்துவிட்டீர்கள். இரண்டு, சாப்பாட்டு மேஜையில் காசு கொடுத்து வாங்குவது. ஸ்ட்ரிப்பில் ஒரு க்ளாஸ் ஒயின் 15 டாலர் என்பது சாதாரணம். ரெஸ்டாரன்ட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் க்ளாஸ் விற்ற காசிலேயே அந்த பாட்டிலை வாங்கின முதல் திரும்பிவிட வேண்டும். 750 மில்லி பாட்டிலில் க்ளாஸுக்கு 150 மில்லி வீதம் ஐந்து க்ளாஸ். மிச்சம் நாலும் லாபம். அத்தான் கண்டுபிடித்தது மூன்றாவது வழி. சோற்றை அவர்களிடம் வாங்கு, சரக்கை மளிகைக் கடையில் வாங்கு!

இது ஏதோ திருட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் ஹோட்டலுக்குள் வெளிப் பண்டம் கொண்டுபோனால் சர்வர் முறைப்பார். அமெரிக்காவில் பல ரெஸ்டாரன்ட்டுகளில் சொந்த ஒயின் கொண்டு போகலாம். அவர்கள் மூடி திறந்து, கோப்பை வைத்து, ஊற்றித் தருவார்கள். அதற்குக் கூலி உண்டு. பெயர் 'கார்க்கேஜ்'. நம்ம பாஷையில் மூடி திறக்கிற கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஊரெல்லாம் ஒரே ரேட் கிடையாது. கடைக்குக் கடை மாறும். சில இடத்தில் கூலியே வாங்க மாட்டார்கள். சில இடத்தில் பாட்டில் விலையைவிடக் கூலி அதிகம். சில இடத்தில் 'நோ' என்று ஒரே வார்த்தை. அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. ஒயின்தான் கொண்டு போகலாம். விஸ்கி, ரம் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றால் மரியாதை கெட்டுவிடும்.

2018 ஜூலையில் அத்தான், அக்கா, நான் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து 430 கிலோமீட்டர் சுமார். மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பாதை. வழியில் பேக்கர் என்ற குக்கிராமத்தில் 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து டெத் வேலியில் 1913-ல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதன் நினைவாக! அந்த வெயிலில் ஒயினை டிக்கியில் போட்டால் கதை கந்தல். உள்ளே சூடேறி விரிந்து கார்க்கைத் தள்ளிவிடும், ருசியும் வெந்த பழம் மாதிரி ஆகிவிடும். அத்தான் அதற்கென்று ஐஸ் பெட்டி வைத்திருந்தார். பின் சீட்டில் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பாட்டில் பவ்யமாக உட்கார்ந்து வந்தது. ஏ.சி. காற்று யார் பக்கம் திருப்பப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது.

(இவ்வளவு கஷ்டம் தேவையே இல்லை. வேகஸில் சூப்பர் மார்க்கெட்டிலும் மருந்துக் கடையிலும்கூட ஒயின் விற்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்குப் போனாலும் கிடைக்கும். அத்தானுக்கு அது கௌரவக் குறைச்சல்.)

பாட்டிலைத் தேர்ந்தெடுத்ததே பெரிய கதை. பஃபேவுக்கு ஒயின் தேடுவது சாதாரண வேலை இல்லை. ஒரே தட்டில் இத்தாலி, சீனா, மெக்சிகோ, ஜப்பான் நாலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும். முரட்டு சிவப்பு ஒயினான கேபர்னே ஸாவினான், ப்ரைம் ரிப் என்கிற மாட்டிறைச்சிக்குப் பொருத்தம். அதையே நண்டோடு குடித்தால் வாயில் தகரத்தை நக்கின மாதிரி இருக்கும். காரமான சீன அயிட்டத்துக்கு லேசாகத் தித்திக்கிற ரீஸ்லிங் நல்லது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மாதிரி ஒத்துப்போகிற சமாதானப் பேர்வழி என்றால் நுரைக்கிற வெள்ளை ஒயின்தான். பொரித்தது, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நாக்கிலிருந்து வழித்துத் துடைத்துவிடும். அத்தான் வாங்கினது கலிஃபோர்னியா நுரை ஒயின், 14 டாலர்.

"ஏன் அத்தான், 'டூ பக் சக்'னு ரெண்டு டாலர் ஒயின் வருதே, அதை எடுத்திருக்கலாமே?" என்றேன். சார்ல்ஸ் ஷா என்ற அந்த ஒயின் 2002-ல் வந்தபோது கலிஃபோர்னியாவில் பாட்டில் 1.99 டாலர். அதனால்தான் அந்தச் செல்லப் பெயர்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பத்து டாலர் மூடி திறக்கிற கூலி குடுக்கப் போறோம். ரெண்டு டாலர் ஒயினுக்கா? துணி விலையைவிட தையல் கூலி ஜாஸ்திங்கற கதையா இருக்கே!"

போனது ஸ்ட்ரிப்பில் இல்லை. உள்ளூர்க்காரர்கள் போகிற, கொஞ்சம் தள்ளியிருக்கிற கேஸினோ. வாசலிலிருந்து பஃபேவுக்கு நேராகப் போகிற வழி என்று ஒன்று கிடையவே கிடையாது. திருப்பதி க்யூ மாதிரி ஸ்லாட் மெஷின் வரிசைகளுக்குள் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை. கல கல, டிங் டிங் என்று எங்கேயோ யாரோ ஜெயிக்கிற சத்தம். தோற்கிறவன் மெஷின் சத்தம் போடாதே! அத்தான் குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி நேரே பார்த்து நடந்தார். பின்னால் அக்கா. கடைசியில் நான். வாலிப வயசில் இங்கே ஒரு மாதச் சம்பளத்தோடு தனியாக வந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேகஸ் தெரிந்த வள்ளுவர் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. 93-ம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94 சூது. அடுத்த 95 மருந்து. அதில் பாதிக்கு மேல் அளவாகச் சாப்பிடச் சொல்கிற குறள்கள்தான். இந்த வரிசையில் மூன்று அதிகாரத்தையும் ஒரே கூரைக்கடியில் மீறுவதற்கு உலகத்தில் இதைவிட வசதியான ஊர் கிடையாது.

கவுன்ட்டரில் தலைக்கு இருபது டாலருக்குக் கொஞ்சம் மேல். பாட்டிலுக்குப் பத்து டாலர். பரிமாற வந்த அம்மாள் கார்க்கை 'டப்' பென்று சத்தம் வராமல் நாசூக்காகத் திறந்தார். (தொழில் தெரிந்தவர்கள் நுரை ஒயினைச் சத்தம் போட்டுத் திறக்க மாட்டார்களாம்.) அத்தான் அவருக்கும் ருசி பார்க்கக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது மரியாதையாம். அவர் "ட்யூட்டி" என்று சிரித்துவிட்டுப் போனார். அத்தான் உடனே நாப்கினை எடுத்தார். 14-ம் 10-ம் 24. ஐந்து க்ளாஸுக்கு வகுத்தால் ஒன்று 4 டாலர் 80 சென்ட். கடை விலைக்கு ஐந்து க்ளாஸ் 75 டாலர். மிச்சம் 51!

பஃபேவுக்குள்ளும் ஒரு சூதாட்டம் நடக்கிறது. வரிசையில் முதலில் கண்ணில் படுவது ரொட்டி, சாலட், பாஸ்தா, உருளைக்கிழங்கு. விலை மலிந்த, வயிற்றை அடைக்கிற சமாச்சாரங்கள். காஸ்ட்லியான இறைச்சி கோடியில் இருக்கும். அதை நாமே எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளைத் தொப்பி சமையல்காரர் கத்தியும் கையுமாக நின்று மெல்லிசாகச் சீவித் தருவார். பந்திக்கு முந்து என்பது நம்ம ஊர் சட்டம். இங்கே பந்திக்கு முந்தினவன் ரொட்டியில் மாட்டினான். அத்தான் வெறும் தட்டோடு ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து, கேஸ் ஃபைல் படிக்கிற வக்கீல் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். மூன்று தட்டு நண்டுக் கால். அதோடு சரி.

அக்கா சுத்த சைவம். இருபது டாலர் கொடுத்து சாலட், பழம், சீஸ் போட்ட மக்ரோனி, ஒரு துண்டு கேக். சூப்பில் என்ன எலும்பு வெந்ததோ என்று சூப் வேண்டாம். ஜெல்லியில் ஜெலட்டின், அதுவும் வேண்டாம். கேஸினோ முதலாளி வாசலில் நின்று ஆரத்தி எடுத்து வரவேற்க வேண்டிய கஸ்டமர் யாரென்று கேட்டால் நான் எங்க அக்காவைத்தான் காட்டுவேன். அத்தானின் நண்டு லாபத்தில் பாதியை அக்காவின் மக்ரோனி அடித்துக்கொண்டு போய்விட்டது. நாப்கின் கணக்கில் இந்த வரியை அவர் சேர்க்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு வயசான தம்பதி. ஒஹாயோவிலிருந்து வந்திருக்கிறார்கள். ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையரானவர். எங்கள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கொண்டுவர விடுகிறார்களா?" என்று பேச்சுக் கொடுத்தார். அத்தான் தன் பிரதாபத்தை விளக்கினார். அவர் பதிலுக்கு ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு பேருக்கும் பஃபே இலவசம். 'காம்ப்' என்று சொல்கிறார்கள். ஆடுகிறவர்கள் கையில் ஒரு கார்டு இருக்கும். அதை மெஷினில் செருகிவிட்டு ஆட வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், கணக்குப்படி எவ்வளவு தோற்பீர்கள் என்பதெல்லாம் அதில் ஏறிக்கொண்டே வரும். தோற்கப் போகிற தொகையில் ஒரு பங்கை சாப்பாடாகவோ ரூமாகவோ திருப்பித் தருவார்கள். நம்ம காசிலேயே நமக்கு விருந்து.

"இந்த நண்டு மட்டும் எனக்கு முந்நூற்று நாற்பது டாலர்" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே. மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து மெஷின் முன்னால் இருந்திருக்கிறார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அத்தான் சட்டென்று இரண்டு கோப்பை கேட்டு வாங்கி இருவருக்கும் ஊற்றினார். கணக்குப்படி 9 டாலர் 60 சென்ட். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "காலையிலிருந்து இப்போதுதான் நிஜமாகவே ஓசியில் ஒன்று கிடைத்திருக்கிறது" என்றார். அந்த அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அன்றைக்கு எங்கள் சோறு இருபது டாலருக்குக் கிடைத்ததற்குக் காரணம் அந்த மெஷின்களில் பணத்தை விட்ட இவர் மாதிரி ஆட்கள்தான். இதை அத்தானிடம் ரூமுக்குத் திரும்பும்போது சொன்னேன். "தெரியும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாப்கினை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டாவது ஆட்டம். அதற்குள் அந்த ஊரின் கணக்கே மாறிவிட்டிருந்தது. மாறுதல் திடீரென்று வந்ததில்லை. 1990-களின் கடைசியிலேயே ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்குச் சூதாட்டத்தில் வரும் பணத்தைவிட ரூம், சாப்பாடு, ஷோ இவற்றில் வரும் பணம் அதிகமாகத் தொடங்கிவிட்டது. 1998-ல் திறந்த பெலாஜியோ மாதிரி பளிங்கு மாளிகைகள் வந்தன. ஆட வராத ஜனங்களும் குடும்பத்தோடு வந்தார்கள். அப்புறம் சோற்றை எதற்கு நஷ்டத்துக்குப் போட வேண்டும்? தூண்டில் புழுவாக இருந்த பஃபே, தானே மீனாகிவிட்டது. சீஸர்ஸ் பேலஸ் 2012-ல் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவழித்து 'பேக்கனல்' என்று ஒரு பஃபே திறந்தது. ஐந்நூறுக்கு மேல் அயிட்டங்கள். ரோமானியர்களின் மது தெய்வம் பேக்கஸ் பெயரால் வந்த சொல்! அந்த சாமி கோயிலில் ராத்திரிச் சாப்பாடு இப்போது தலைக்கு 80 டாலருக்குக் குறையாது. ஒரு டாலர் பஃபே போட்ட மெக்டொனால்ட் கேட்டால் மயங்கி விழுவார்.

பிறகு 2020 மார்ச். கொரோனா. நெவாடா முழுக்க கேஸினோ கதவுகளை மூடினார்கள். பூட்டே இல்லாத கதவுகளுக்குப் பூட்டு தேட வேண்டியதாயிற்று. ஜூன் 4-ம் தேதி கேஸினோக்கள் திறந்தன. பஃபேக்கள் திறக்கவில்லை. ஒரே கரண்டியை நூறு பேர் தொடுகிற சமாச்சாரமாயிற்றே! வியாதி அடங்கின பிறகும் பல முதலாளிகள் திறக்க மனசில்லாமல் விட்டுவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடின கடையை மூட ஒரு நல்ல சாக்கு கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளூர்க்காரர்கள் போகிற ஸ்டேஷன் கேஸினோஸ் கம்பெனியின் பஃபேக்கள் அத்தனையும் மூடினது மூடினதுதான். ரியோ ஹோட்டலில் 1990-களில் அமர்க்களப்பட்ட 'கார்னிவல் வேர்ல்ட்' பஃபேயும் போயிற்று. 24 மணி நேரத்துக்கு ஒரே பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பல பஃபேக்களில் ஏறி இறங்கின 'பஃபே ஆஃப் பஃபேஸ்' திட்டமும் காலி. ('இன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்குப் பட்டை கட்டினா நாளைக்கு ஆறே முக்காலுக்கு இன்னொரு டின்னர் மாப்ளே!' என்று அத்தான் ஒரு காலத்தில் அதிலும் கணக்குப் பண்ணினவர்.)

இதில் எனக்கு உறுத்துவது அயிட்டங்கள் குறைந்தது இல்லை. தட்டு எடுக்கிறவர்கள், இறைச்சி சீவுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள். வேகஸ் ஹோட்டல் தொழிலாளர்களுக்கு 'கலினரி யூனியன் லோக்கல் 226' என்று 1935-லிருந்து ஒரு பலமான சங்கம் இருக்கிறது. அறுபதாயிரம் பேர் சுமார். அந்த மார்ச் மாதம் அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஹோட்டல் திறந்தபோது அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு அறை இருந்தது. பஃபேகாரர்களுக்குப் பஃபே இல்லை. 2023-ல் நாங்கள் அதே உள்ளூர் கேஸினோவுக்குப் போனபோது, நண்டு இருந்த இடத்தில் பர்கர், பீட்சா, நூடுல்ஸ் என்று தனித்தனி கவுன்ட்டர். கார்க்கைச் சத்தமில்லாமல் திறந்த அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் புதுசு. "இங்கே பஃபே இருந்ததா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

சரி என்று ஸ்ட்ரிப்புக்கே போனோம். பெரிய ஹோட்டல் ஒன்றின் பெரிய பஃபே. முன்பதிவு, ஒன்றரை மணி நேர கெடு, ஆளுக்குப் பெரிய நோட்டு. வாசலில் கோட்டு போட்ட இளைஞர் அத்தான் கக்கத்தைப் பார்த்துவிட்டு மிகப் பணிவாக, வெளி பாட்டிலுக்கு அனுமதி இல்லை என்றார். கூலி வாங்கிக்கொண்டுகூடக் கிடையாது. ஆனால் 30 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒயின், பீர் வேண்டிய மட்டும் ஊற்றுவார்களாம்.

அத்தான் பாக்கெட்டில் கை விட்டுப் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா எழுதவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"க்ளாஸ் பதினஞ்சுன்னா ரெண்டு குடிச்சா முதல் வந்துடுது. மூணாவதுலேர்ந்து லாபம். ஒன்றரை மணி நேரத்துல எத்தனை..."

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. பின் சீட்டில் பாட்டிலோடு உட்கார்ந்து வந்தபோது வாயைத் திறக்காதவள். "லாபத்துக்காகக் குடிக்கிறதுன்னா மூணாவது க்ளாஸுக்கு அப்புறம் யாரு கணக்குப் பார்க்கறது? நீங்களா? ஸ்லாட் மெஷின் வெளியில இருக்குன்னு நினைச்சேன். இங்க உங்க வயித்துக்குள்ளயே கொண்டுவந்து வைக்கிறாங்க. வேண்டாம்."

வரிசையில் பின்னால் நின்ற நாலு பேருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அத்தான் பாட்டிலைக் கொண்டுபோய் ரூமில் வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் குடித்துக்கொண்டே நண்டு சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. உடைக்கிற சிரமம் இல்லாமல் ஓட்டை ஏற்கெனவே கீறி வைத்திருந்தார்கள். அக்காவுக்குக்கூட பருப்பு, நான், பன்னீர் என்று ஒரு மூலை கிடைத்தது. அத்தான் முகத்தில் மட்டும் ரன் அவுட்டானவன் களை.

மறுநாள் லாஸ் ஏஞ்சலீஸ் திரும்பி, ராத்திரி அக்கா வைத்த வத்தக்குழம்பு, சுட்ட அப்பளத்தோடு அந்த பாட்டிலைத் திறந்தோம். நுரை ஒயினுக்கும் அப்பளத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம், எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அத்தான் நாப்கின் தேடினார். "பாட்டில் பதினாலு. கார்க்கேஜ் சைபர்..."

"யார் சொன்னது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கார்க்கேஜ் அன்றைக்குச் சாப்பிட்ட பாத்திரம் மொத்தமும். அத்தான் கழுவினார், நான் துடைத்து அடுக்கினேன்.